விடியலில் பறவை, வெயில் ஏறியதும் பாம்பு: பருவகாலக் களப்பணிக்குச் சில குறிப்புகள்

ஒரே நாளில் பறவை, ஊர்வன, ஊனுண்ணி மூன்றையும் கவனிக்க முடியுமா என்று என் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. முடியும், நேர அட்டவணையை அந்த உயிர்களிடமே விட்டுவிட்டால்.

பறவைகள் விடியலில். குறித்த புள்ளிக்குப் போனதும் ஓரிரு நிமிடம் சும்மா நில்லுங்கள்; நம் நடையால் அடங்கிய குரல்கள் மீளட்டும். பிறகு பத்து நிமிடக் கணக்கு. கண்டதையும் கேட்டதையும் தனித்தனியே குறியுங்கள், தூரத்தோடு. மழையிலும் பலத்த காற்றிலும் கணக்கெடுக்காதீர்கள். குரல் காதில் விழாத நாளின் கணக்கு, பறவை குறைந்துவிட்டதாகப் பொய் சொல்லும்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஊர்வன. எனக்குப் பிடித்த வேலை இதுதான். அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள நெளிதகடுகளைச் சில வாரங்களுக்கு முன்பே புதரோரங்களில் போட்டுவையுங்கள். உடல்சூடு தேடி வரும் பாம்பும் அரணையும் அடியில் ஒதுங்கும். உச்சி வெயிலில் தகடு கொதிக்கும். அப்போது போனால் ஒன்றும் இருக்காது. தூக்கும்போது எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கியால் உங்களை நோக்கி உயர்த்துங்கள். தகடு இடையில் நிற்கும், நீங்கள் மேலாக எட்டிப் பார்க்கலாம். விரல் ஒருபோதும் அடியில் போகக் கூடாது. பாம்பு இல்லையென்றாலும் அவசரப்படாதீர்கள்: ஓரத்தில் சட்டை கிடக்கலாம். நன்றாகக் கழன்ற சட்டையில் கண்ணை மூடியிருந்த செதில்கூட, சின்னஞ்சிறு கண்ணாடிபோல அப்படியே இருக்கும். அதுவும் பதிவுதான். தகட்டை உயிரின் மேல் போட்டுவிடாதீர்கள். முதலில் தகட்டைக் கிடத்துங்கள், பாம்போ அரணையோ தானாக ஊர்ந்து உள்ளே போகும். அடுத்த இடத்துக்குப் போகுமுன் கொக்கியையும் காலணியையும் கிருமிநாசினியால் துடையுங்கள். பாம்புகளுக்குப் பூஞ்சை நோய் உண்டு, அதைச் சுமந்து செல்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

நடுப்பகல், ஊனுண்ணிகளைப் பதியும் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்த; எதிரே ஏதாவது அசைந்தால் அவை தாமே படமெடுக்கும். முழங்கால் உயரம் போதும். லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் சூரியனைத்தான் படமெடுக்கும். எதிரே உள்ள புல்லை வெட்டுங்கள், இல்லாவிட்டால் அசையும் புல்லின் படங்களால் கார்டு நிரம்பும். பிறகு, வெட்கப்படாமல், நான்கு காலில் தவழ்ந்து சோதியுங்கள். வரியோ புள்ளியோ உள்ள விலங்கென்றால் பாதையின் இருபுறமும் கேமரா வேண்டும், ஏனென்றால் இடப்பக்கக் கோலமும் வலப்பக்கக் கோலமும் ஒன்றல்ல. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டுப் புலிகளைப் பற்றி விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த் 1995-ல் வெளியிட்ட ஆய்வு, வரிகளை வைத்துத் தனிப் புலிகளை அடையாளம் கண்டுதான் எண்ணிக்கையைக் கணித்தது. வழியில் ஊனுண்ணியின் எச்சம் (மலம்) கண்டால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, கையுறையோடு காகித உறையில் எடுங்கள். நாடாப்புழு முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது.

இனி, நான் கடிந்துகொள்ளும் ஒரே விஷயம்: வெற்று வரி. எதுவும் இல்லாத தகட்டுக்கும் நேரம், வெப்பநிலை, ‘இல்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே இடத்துக்குப் பலமுறை போய் எழுதிய ‘உண்டு’, ‘இல்லை’களிலிருந்துதான், இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பைக் கணிக்க முடியும், 2002-ல் ஆய்வாளர் மெக்கன்சி குழுவினர் வெளியிட்ட முறை அதுவே. ‘இல்லை’யை விழுங்கிய குறிப்பேட்டை வைத்து அந்தக் கணக்கைப் போட இயலாது. கார்டு மாற்றும்போது கேமராவின் தேதியையும் நேரத்தையும் உங்கள் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அதே பக்கத்தில் குறியுங்கள்.