டேக் போர்டுல அனலாக் இன்புட்: ஃபில்டர் போடறதுக்கு முன்னாடி வயரப் பாருங்க

டேக் போர்ட (சென்சார் வோல்டேஜ அளந்து கம்ப்யூட்டருக்கு நம்பரா அனுப்பற டேட்டா அக்விசிஷன் போர்டு) யுஎஸ்பில சொருகி லேப்வியூலயோ பைத்தான்லயோ கிராஃப் ஓட ஆரம்பிச்ச உடனே ரீடிங் ஆடுதுன்னு ஆவரேஜ் போடுவாங்க, அப்பவும் ஆடுனா ஃபில்டர் போடுவாங்க. ஆனா தப்பு பெரும்பாலும் ஸ்க்ரூ டெர்மினல்லயும் சேனல் செட்டிங்லயும்தான் இருக்கும், அத சாஃப்ட்வேர்ல மூடி மறைச்சா கிராஃப் அழகா இருக்கும், நம்பர் மட்டும் பொய்யா இருக்கும்.

அதிகம் பேர் மாட்டறது டெர்மினல் மோடுல. எத எதோட ஒப்பிட்டு அளக்கறதுங்கறதுதான் இது: ஆர்எஸ்இ (போர்டு கிரவுண்டோட ஒப்பிடறது), என்ஆர்எஸ்இ (எல்லா சேனலுக்கும் பொதுவான ஒரு தனி சென்ஸ் முனையோட ஒப்பிடறது), டிஃபரன்ஷியல் (சேனலுக்கு ரெண்டு வயர், அதுங்களுக்குள்ள இருக்கற வித்தியாசத்த அளக்கறது)னு மூணு இருக்கும். என்ஐ (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) கம்பெனியோட யுஎஸ்பி-6211 மாதிரி போர்டுல ஆர்எஸ்இ போட்டா 16 சேனல், டிஃபரன்ஷியல் போட்டா 8தான், அதனால சேனல் நிறைய கிடைக்குதேன்னு ஆர்எஸ்இ எடுத்துடறாங்க. சேனல் எண்ணிக்கைய வச்சு இத முடிவு பண்ணவே கூடாது, சென்சாருக்கு ஏற்கனவே எர்த் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி. கரண்ட்ல ஓடற கருவியோட அவுட்புட்டுக்கு அதோட எர்த் வழியா ஒரு கிரவுண்ட் இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேற ஒரு கிரவுண்ட், ரெண்டும் ஒரே வோல்டேஜ்ல இருக்கும்னு நம்பாதீங்க. ஆர்எஸ்இல இந்த ரெண்டையும் ஒரு வயரால இணைச்சா அந்த வித்தியாசம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோட சேர்ந்து அப்படியே உங்க ரீடிங்ல ஏறிடும். லேப்டாப் சார்ஜரக் கழட்டுனதும் இரைச்சல் அடங்குச்சுன்னா கிரவுண்ட் லூப்னு (ரெண்டு கிரவுண்டுக்கு நடுவுல கரண்ட் சுத்தறது) சந்தேகப்படலாம். அதுக்காக பிளக்கோட எர்த் பின்ன வெட்டற வீர வேலை எல்லாம் வேண்டாம் சாமி, டிஃபரன்ஷியலுக்கு மாத்துங்க.

பேட்டரில ஓடற சென்சார், எதையும் தொடாம தொங்கற தெர்மோகப்பிள் (ரெண்டு உலோக வயர சேர்த்து செஞ்ச வெப்ப சென்சார்) இதெல்லாம் எர்த் இல்லாத ஆளுங்க. இதுங்கள டிஃபரன்ஷியல்ல வெறுமனே ரெண்டு வயர மட்டும் மாட்டி விட்டா கொஞ்ச நேரம் சரியா காட்டிட்டு மெதுவா நகர்ந்து போய் உச்சத்துல ஒட்டிக்கும், ஏன்னா இன்புட்டோட பயஸ் கரண்ட் (இன்புட் சர்க்யூட்ல எப்பவும் ஓடற துளி கரண்ட்) போறதுக்கு வழியே இல்ல. மைனஸ் முனைலருந்து போர்டு கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம்லருந்து 100 கிலோ ஓம்குள்ள ஒரு ரெசிஸ்டர் போடுங்க, தீர்ந்துது. முனை மெட்டல் உறையோட சேர்த்து வெல்டு பண்ண தெர்மோகப்பிள மெஷின்ல மாட்டியிருந்தா அது ஏற்கனவே எர்த் ஆனது, அதுக்கு இது தேவையில்ல.

அப்புறம் டிஃபரன்ஷியல்ல பிளஸ், மைனஸ் வயர மாட்டற சேனல் ஜோடி. 6211ல ஏஐ0க்கு (அனலாக் இன்புட் 0) ஜோடி ஏஐ8, பக்கத்துல இருக்கற ஏஐ1 இல்ல. இன்னொரு என்ஐ போர்டான யுஎஸ்பி-6009ல அது ஏஐ4. பின் படத்தப் பாக்காம மாட்டாதீங்க. அந்த 6009ல இன்னொண்ணு, ஆர்எஸ்இல ஒண்ணுமே மாட்டலேன்னாலும் சுமார் 1.4 வோல்ட் காட்டும், போர்டு போச்சுன்னு பயப்படாதீங்க, டிசைனே அப்படி. அதோட இன்புட் இம்பிடன்ஸ் (உள்ள வர சிக்னலுக்கு போர்டு காட்டற தடை) 144 கிலோ ஓம்தான், அதனால 100 கே ரெண்ட வச்சு வோல்டேஜ் டிவைடர் கட்டி அதுல கொடுத்தா மல்டிமீட்டர் ஒண்ணு சொல்லும், போர்டு வேற சொல்லும்.

அளக்கற ரேஞ்ச ±10 வோல்ட்லயே விட்டுடறது அடுத்த தப்பு. கணக்கு போட்டுப் பாருங்க, 12 பிட் போர்டுன்னா 20 வோல்ட்ட 4096ஆ பிரிச்சா ஒரு படி 4.88 மில்லிவோல்ட். எல்எம்35ங்கற வெப்ப சென்சார் சிப்புக்கு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், அதனால அரை டிகிரி படி, போனா போகுது. கே டைப் தெர்மோகப்பிள் டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட்தான், அப்போ ஒரு படியே கிட்டத்தட்ட 119 டிகிரி! 16 பிட்லயும் ±10ல ஏழு டிகிரிக்கு மேல, அதே போர்டுல ±0.2 வோல்ட் ரேஞ்சுக்கு வந்தா 0.15 டிகிரி. காசு கொடுத்து வாங்குன பிட்டெல்லாம் இந்த ஒரு செட்டிங்ல வீணாகுது.

ஒரு சேனல்ல 5 வோல்ட் கொடுத்தா பக்கத்து காலி சேனல்லயும் கிட்டத்தட்ட அதே வந்து நிக்குதா? இந்த போர்டுகள்ல ஏடிசி (வோல்டேஜ நம்பரா மாத்தற சிப்) ஒண்ணுதான், மல்டிபிளெக்ஸர்ங்கற ஸ்விட்ச் வழியா ஒவ்வொரு சேனலா தாவித் தாவிப் படிக்குது, முந்தின சேனலோட சார்ஜ் வடியறதுக்குள்ள அடுத்தத படிச்சுடுது. காலி சேனல ஸ்கேன் லிஸ்ட்லருந்து எடுத்துடுங்க, இல்லேன்னா கிரவுண்ட் பண்ணுங்க. மாட்டுன சேனல்லயே இப்படி வந்தா சென்சாரோட இம்பிடன்ஸ் அதிகம்னு அர்த்தம், நடுவுல ஒரு ஆப்ஆம்ப் பஃபர் (சிக்னல மாத்தாம வலுவா கொடுக்கற சர்க்யூட்) போடுங்க, இல்ல சேனலுக்கு சேனல் நேரத்தக் கூட்டுங்க. டேட்டாஷீட்ல செகண்டுக்கு 250 கிலோ சாம்பிள்னு (அளவீடு) போட்டிருக்கறதும் எல்லா சேனலுக்கும் சேர்த்துதான், 8 சேனல் ஓட்டுனா ஆளுக்கு 31.25 கிலோ.

சாம்பிள் ரேட்ல ஒரு குசும்பு இருக்கு. டெம்பரேச்சர் மெதுவாத்தானே மாறுதுன்னு செகண்டுக்கு 10 சாம்பிள் வைப்பாங்க, லைன் இரைச்சல் 49.95 ஹெர்ட்ஸ்ல இருந்தா அது 20 செகண்டுக்கு ஒரு தடவ ஏறி இறங்கற அலையா கிராஃப்ல வரும், பாக்கறவன் ஹீட்டர் ஆன் ஆஃப் ஆகுதுன்னு நம்பிடுவான். வந்த பிறகு சாஃப்ட்வேர்ல எந்த ஃபில்டராலயும் அத பிரிக்க முடியாது. செகண்டுக்கு 1000 எடுத்து 100 மில்லிசெகண்டுக்கு ஒரு ஆவரேஜ் போடுங்க, அதுல 50 ஹெர்ட்ஸ் அஞ்சு முழுச் சுத்து அடங்கறதால கிட்டத்தட்ட அடிபட்டுப் போகும். அதவிட வேகமான இரைச்சலுக்கு ஏடிசிக்கு முன்னாடியே ஒரு ஆர்சி ஃபில்டர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) வேணும்.

அளவ 4-20 மில்லிஆம்ப் கரண்டா அனுப்பற டிரான்ஸ்மிட்டருக்கு 250 ஓம் ரெசிஸ்டர் போட்டா 1லருந்து 5 வோல்ட். கடைல கிடைக்கற 5% ரெசிஸ்டர போட்டா அந்த 5% நேரா ரீடிங்ல போகும், 0.1% வாங்குங்க. அந்த ரெசிஸ்டர 24 வோல்ட் பிளஸ் பக்கம் வைக்காம மைனஸ் பக்கம் வைங்க, டிஃபரன்ஷியலா இருந்தாலும் ரெண்டு முனையும் போர்டு கிரவுண்டுலருந்து சுமார் 10 வோல்ட்டுக்குள்ள இருந்தாத்தான் படிக்கும்.

சென்சார மாட்டறதுக்கு முன்னாடி இன்புட் ரெண்டையும் கிரவுண்டோட ஷார்ட் பண்ணி ஜீரோ வருதான்னு பாருங்க, அப்புறம் ஒரு ஏஏ செல்ல வச்சு மல்டிமீட்டரும் போர்டும் ஒரே நம்பர் சொல்லுதான்னு பாருங்க. செல்லும் எர்த் இல்லாததுதான், டிஃபரன்ஷியல்ல பாத்தா மைனஸ்லருந்து கிரவுண்டுக்குப் போடற அந்த ரெசிஸ்டர மறக்காதீங்க.