தமிழ் விக்கிப்பீடியாவில் முதல் கட்டுரை: முதலில் சான்று, பிறகு வாக்கியம்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் பலரும் ஆசையோடு வருகிறார்கள். ஊர்க்கோயில், ஊர் ஏரி, படித்த பள்ளி, பிடித்த எழுத்தாளர் என்று ஒரே மூச்சில் ஒரு கட்டுரையை எழுதி முடிக்கிறார்கள். இரண்டு நாளில் அதன் தலையில் ஒரு நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரையை நீக்கலாம் என்று சொல்லும் அறிவிப்புப் பெட்டி, வந்து உட்காருகிறது. மனம் நொந்து போனவர் திரும்பி வருவதே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அவருக்கு விஷயம் தெரியும், விதிதான் தெரியாது. அந்த விதிகளை எந்த வரிசையில் கற்றால் சுலபமோ, அந்த வரிசையில் இங்கே சொல்கிறேன்.

படி 1: கணக்கும் மணல்தொட்டியும்

கணக்கு இல்லாமலும் தொகுக்கலாம். ஆனாலும் ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். புகுபதிகை செய்ததும் உங்கள் பெயரில் ஒரு மணல்தொட்டி கிடைக்கும். எழுதிப் பழக அதுதான் இடம். முதல் வாரம் புதுக் கட்டுரை எதுவும் தொடங்க வேண்டாம். இருக்கிற கட்டுரைகளில் எழுத்துப்பிழை திருத்துங்கள், ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தே மற்ற பயனர்கள் உங்களை நம்பத் தொடங்குவார்கள்.

படி 2: இந்தத் தலைப்புக்குக் கட்டுரை வேண்டுமா?

இதற்கான விதிக்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். இதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: இந்த விஷயத்தோடு சம்பந்தமில்லாத சிலர், நம்பகமான இடங்களில், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறார்களா? செய்தித்தாளில் ஒரு வரியில் பெயர் வந்திருந்தால் போதாது. நிறுவனத்தின் சொந்த இணையதளமும் கணக்கில் வராது.

உங்களைப் பற்றி, அப்பாவைப் பற்றி, வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் பாசம் எங்காவது எட்டிப் பார்த்துவிடும்.

படி 3: சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு எழுத உட்காருங்கள்

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள், அவசரப்பட வேண்டாம். பெரும்பாலோர் தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டு, அப்புறம் சான்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். நூல், செய்தி, ஆய்வுக்கட்டுரை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் உள்ளதை மட்டும் சொந்த நடையில் எழுத வேண்டும்.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தது என்று சொல்லப்படும் ஏரி இது. பராந்தகனின் வீரநாராயணன் என்ற பெயர்தான் மருவி வீராணம் ஆனது. 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்த பிறகு இங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. இந்த மூன்று செய்திகளும் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் கிடைக்கும். ஆகவே மூன்றையும் மேற்கோளோடு, அதாவது எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்போடு, எழுதலாம்.

இப்போது இப்படி ஒரு வாக்கியம் தோன்றுகிறது என்று வையுங்கள்: “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோழர்கள் மாநகரக் குடிநீர்த் திட்டத்துக்கு வழிவகுத்தனர்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நூல் சோழர் ஏரி வெட்டியதைச் சொல்கிறது, ஒரு செய்தி சென்னைக் குடிநீரைச் சொல்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டது நீங்கள். இதைத்தான் விக்கிப்பீடியா சொந்த ஆய்வு என்கிறது. யாராவது ஓர் ஆய்வாளர் இதே கருத்தை அச்சில் சொல்லியிருந்தால், அவர் பெயரைச் சொல்லி எழுதலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

பாட்டி சொன்ன கதையும் அப்படித்தான். எங்கள் ஊர் அம்மன் கோயில் பற்றிப் பாட்டி சொன்னதை நான் எழுதியபோது, ஒரு பயனர் ‘சான்று தேவை’ என்று குறியிட்டார். பாட்டி பொய் சொன்னார் என்று அதற்குப் பொருளில்லை. கட்டுரையைப் படிக்கிறவர் போய்ப் பார்த்து உறுதிசெய்ய ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். விக்கிப்பீடியா விதிகளில் வரும் மெய்யறிதன்மை என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். அந்தக் கதையை ஒரு நாட்டார் வழக்காற்று நூலில் யாராவது பதிவு செய்திருந்தால், அடுத்த நிமிடமே அது கட்டுரைக்குள் வரலாம்.

எங்கே தேடுவது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளம். ஈழம் தொடர்பான எதுவானாலும் முதலில் ‘நூலகம்’ (noolaham.org) என்ற மின்னூலகத் தளத்தைப் பாருங்கள். தொல்லியல் துறை வெளியீடுகள், மாவட்ட விவரச்சுவடிகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஆகியவையும் உதவும். வாட்சப் செய்தி, முகநூல் பதிவு, யார் எழுதியது என்றே தெரியாத வலைப்பூ இவையெல்லாம் சான்றாகா. இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரையும் சான்று ஆகாது. அதன் அடியில் இருக்கும் மேற்கோளைத் திறந்து, படித்துப் பார்த்து, அதைத் தர வேண்டும். தலபுராணத்தைக் காட்டினால், “தலபுராணத்தின்படி” என்று தொடங்கி எழுதுங்கள். அதை வரலாறாக எழுதக்கூடாது.

மேற்கோள் சேர்க்கும்போது நூலாசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுங்கள். பக்க எண் இல்லாத 400 பக்க நூலை யாரால் சரிபார்க்க முடியும்?

படி 4: அடைமொழிகளைக் களையுங்கள்

விக்கிப்பீடியாவின் இன்னொரு விதி நடுநிலை நோக்கு, அதாவது பக்கம் சாராமல் எழுதுவது. அதைக் கேட்டதும் பலர் அரசியலை நினைக்கிறார்கள். நம் எழுத்தில் அது வழுக்குவது பெரும்பாலும் பக்தியிலும் மரியாதையிலும்தான்.

“உலகப் புகழ்பெற்ற இத்திருத்தலத்தில் மூலவர் கிழக்கு நோக்கி எழுந்தருளி வேண்டுவோர்க்கு வேண்டுவன வழங்கி அருள்பாலிக்கிறார்.” கோயில் மலரில் இது அழகான வாக்கியம். கலைக்களஞ்சியத்தில் “மூலவர் சிலை கிழக்கு நோக்கி அமைந்துள்ளது” என்பது போதும். நம்பிக்கையைச் சொல்ல வேண்டும் என்றால் “பக்தர்கள் நம்புகின்றனர்” என்று எழுதி, அதற்கும் சான்று கொடுங்கள்.

ஆட்களைப் பற்றி எழுதும்போது திரு, மாண்புமிகு, ‘அவர்கள்’ எல்லாம் வேண்டாம். “பிறந்தார்”, “எழுதினார்” என்ற ஆர் விகுதியிலேயே மரியாதை இருக்கிறது. பட்டப்பெயரை எங்காவது ஓரிடத்தில், யார் கொடுத்தார்கள் என்று சொல்லிக் குறிப்பிடலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயருக்கு முன்னால் ஒட்டக்கூடாது. “இறைவனடி சேர்ந்தார்” என்பதற்கு “இறந்தார்” அல்லது “காலமானார்”.

சான்றுகள் முரண்பட்டால்? ஏரியின் நீளம் ஒரு நூலில் 14 கி.மீ., இன்னொன்றில் 16 கி.மீ. என்று இருந்தால், நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. இரண்டையும், யார் எதைச் சொன்னார் என்று எழுதிவிட வேண்டும்.

படி 5: வெட்டி ஒட்ட வேண்டாம்

செய்தித்தாள் பத்தியையோ கோயில் இணையதளத்து வரலாற்றையோ அப்படியே எடுத்துப் போட்டால் கட்டுரை நீக்கப்படும், மேற்கோள் கொடுத்திருந்தாலும் சரி. இந்தியச் சட்டப்படி ஒருவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. படமும் அப்படியே: கூகுளில் கிடைத்ததை ஏற்றாதீர்கள். நீங்களே எடுத்த படம் என்றால், விக்கிப்பீடியாக்களுக்குப் பொதுவான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்ப்பதற்குத் தடையில்லை. எந்தக் கட்டுரையிலிருந்து என்று தொகுப்புச் சுருக்கத்தில் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி தரும் தமிழை அப்படியே வெளியிடாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். அப்படித் திருத்தாமல் விட்ட கட்டுரையைப் பின்னால் வருகிறவர் சீர்செய்வதற்குள், புதிதாகவே ஒன்றை எழுதிவிடலாம்.

படி 6: வெளியிட்ட பிறகு

யாரோ வந்து பத்தியை மாற்றுவார், ஒரு வரியை நீக்குவார். உடனே பழையபடி மீளமைக்காதீர்கள். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். ஏற்க முடியாவிட்டால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள், முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் கையொப்பம் தானாக வரும். வார்ப்புரு வந்திருந்தால், அதில் சொல்லியிருப்பதைச் சரிசெய்யாமல் அதைத் தூக்கக்கூடாது. கட்டுரையே நீக்கப்பட்டிருந்தாலும், எழுதியதை உங்கள் மணல்தொட்டிக்கு நகர்த்தித் தர முடியுமா என்று ஒரு நிருவாகியிடம் கேட்டுப் பார்க்கலாம். பொதுவான சந்தேகங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. எல்லோரும் கூடிப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று. ஓர் இலங்கைக் கட்டுரையில் ‘யூலை’ என்று இருந்தால் அதை ‘ஜூலை’ என்று திருத்தாதீர்கள். அது பிழையில்லை, அங்குள்ள வழக்கு. நம் கலைக்களஞ்சியம் இரண்டு கரைக்கும் பொதுவானது.

சரி, இன்றைக்கே தொடங்க வேண்டுமா? உங்கள் ஊரையோ மாவட்டத்தையோ பற்றிய கட்டுரையைத் திறந்து, ‘சான்று தேவை’ என்ற குறியைத் தேடுங்கள். அந்த ஒரு வரிக்கு ஒரு நூலையும் பக்க எண்ணையும் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டு, குறியை எடுத்துவிடுங்கள்.