கோழி தூங்கி விழுகிறதா? வீட்டிலேயே கவனிக்கும் முறை

கோழி தன் உடம்புக்கு முடியவில்லை என்பதை லேசில் வெளியே காட்டாது. கூட்டத்தில் நலிந்ததை மற்றவை கொத்தி விரட்டும் என்பதால், முடிந்தவரை நன்றாக இருப்பது போலவே நடமாடும். ஆகவே நம் கண்ணில் படும்போது நோய் ஏற்கெனவே கொஞ்சம் முற்றியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறகைச் சிலிர்த்து, வாலைத் தொங்கப்போட்டு, பட்டப்பகலில் கண்ணை மூடித் தூங்கி விழுந்தால் சந்தேகமே வேண்டாம். தீவனம் போட்டதும் எல்லாம் ஓடிவர, ஒன்று மட்டும் ஓரமாக நின்றால் அதையும் பிடித்துப் பாருங்கள்.

புதிதாக வளர்ப்பவர்கள் அடைக்கோழியைப் பார்த்துப் பயந்துவிடுவது உண்டு. அதுவும் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் கண் தெளிவாக இருக்கும், கையை நீட்டினால் சீறிக்கொண்டு கொத்த வரும். இறகு உதிர்க்கும் பருவத்தில் முட்டை நிற்பதும் அப்படித்தான், அது நோய் கிடையாது.

1. தனியே பிரித்துச் சூடு கொடுங்கள்

காற்றோட்டமுள்ள பெட்டியோ கூண்டோ போதும். தரையில் வெள்ளைக் காகிதம் அல்லது வெளிர் நிறத் துணி விரியுங்கள். எச்சம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தின்னாமல் கிடக்கும் கோழியால் அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும்படி பல்பு போடுங்கள், அல்லது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். வேண்டாமென்றால் கோழியே நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்துக்கொண்டாலோ சூடு அதிகம். பல்பு துணியிலோ காகிதத்திலோ படாதபடி கம்பியால் கட்டிவிடுங்கள், தீப்பிடிக்கும்.

மற்ற கோழிகளுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டுக் கடைசியில் இதனிடம் வாருங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. தண்ணீர்

மருந்தைவிட இதுதான் முக்கியம் என்பேன். கோழி சில நாள் தின்னாமல் தாங்கும், குடிக்காமல் தாங்காது. தானாகக் குடித்தால் ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து முதல் நாள் வையுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

குடிக்கவில்லை என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு முடியும் இடத்தில், அதற்குப் பின்னால், திறந்து மூடும் ஒரு சின்னத் துளை தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். வாய்க்குள் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அலகை அசைத்து விழுங்கும். அதைப் பார்த்தபிறகே அடுத்த சொட்டு. அவசரப்படுகிற ஆள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

3. பிடித்துப் பாருங்கள்

துண்டில் சுற்றிப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு விட முடியும்.

கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு, பெரும்பாலும் செள்ளோ குடற்புழுவோ காரணம். நீலம் பாரித்திருந்தால் மூச்சிலோ இதயத்திலோ கோளாறு. பின்பக்க இறகைப் பிரித்துப் பாருங்கள்: இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. ரத்தம் குடிக்கும் செந்நிறச் செள்ளு பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். இரவில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது.

அப்புறம் தீனிப்பை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். இரவு நிரம்பியிருந்து, காலையில் தீவனம் வைப்பதற்கு முன் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாக இருந்தால் அடைத்திருக்கிறது. தொளதொளவென்று நீர் நிரம்பி, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கிறது. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், மூச்சில் ஏறிக் கோழி அங்கேயே செத்துவிடலாம்.

பென்குயின் போல நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கக்கூடும். வயிறு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் உட்கார வைத்து, துடைத்து உலர்த்தி, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் நிலைமை கைமீறிவிடும். சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

4. எச்சம்

காகிதம் விரித்தது இதற்குத்தான். பழுப்பு எச்சமும் அதன்மேல் வெள்ளைத் தொப்பியும் இருந்தால் சரி. நடுநடுவே களிம்பு மாதிரி நாற்றத்தோடு வருவதும் இயல்பே. பச்சையாகப் போனால் பெரும்பாலும் வயிற்றில் தீனி இல்லை, வெறும் பித்தம். ரத்தம் கலந்திருந்தால், குறிப்பாக இளங்கோழியில், ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். எச்சத்தை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

5. தீனி

உடம்பு சில்லிட்டிருக்கும்போது ஊட்டாதீர்கள். தீனிப்பை இயங்காமல் உள்ளேயே புளித்துப்போகும். சூடு ஏறி, தண்ணீர் உள்ளே போனபின், வழக்கமான தீவனத்தையே வெந்நீரில் குழைத்துக் கொஞ்சமாக வையுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டால் அடம்பிடிக்கும் கோழிகூடக் கொத்தும். மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். தேறுகிறதா இளைக்கிறதா என்று கண்ணைவிடத் தராசு முன்னாலேயே சொல்லிவிடும்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையும், வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். அம்மை போன்ற வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் வைத்திருக்கக் கூடாதவை

மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது, நிற்காத ரத்தம், புண்ணில் புழு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே இறங்காதது: இவற்றில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவர்தான். அடுத்தடுத்துப் பல கோழிகள் திடீரென்று செத்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், அறுத்துப் பார்க்காமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

தேறிய கோழியை நேராகக் கூட்டத்தில் விட்டால் புதிதாக வந்ததைப் போலக் கொத்துவாங்கும். முதலில் சில நாள் நடுவில் வலை வைத்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தீவனம் தின்னட்டும். பிறகு ஒரு நாள் இருட்டியபின் தூக்கிப்போய் மற்றவற்றின் பக்கத்தில் உட்கார வையுங்கள். மறுநாள் விடிந்ததும் போய்ப் பாருங்கள். சின்னக் கொத்து பரவாயில்லை, ரத்தம் வந்தால் திரும்பவும் பிரித்துவிடுங்கள்.