விக்டரி ரிவால்வர்: பாகங்கள் எல்லாம் அசல்தானா என்று பார்ப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பங்களாவில் தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸோடு வந்த ரிவால்வர், இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்மித் அண்ட் வெசன் ‘விக்டரி’யா? அசலா என்று பெருமளவு வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிலிண்டரில் தோட்டா நிற்கும் ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே மற்றது.

பத்து மடங்கு லென்ஸ், டார்ச், பழைய டூத் பிரஷ், மெல்லிய எண்ணெய், ஸ்க்ரூ காடிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் போதும். உப்புத்தாள், மெட்டல் பாலிஷ் வேண்டவே வேண்டாம். எண் அழிந்த துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், அழித்தது நீங்கள்தான் என்றே 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு முதலில் எடுத்துக்கொள்ளும்.

கைப்பிடியின் அடியில் V எழுத்தோடு இருப்பதுதான் சீரியல் எண். கயிறு மாட்டும் வளையம் நடுவில் இருப்பதால் எழுத்து ஒரு பக்கமும் இலக்கங்கள் மறுபக்கமும் பிரிந்து நிற்கும். அதே எண் பேரலின் அடிப்பக்கம், சிலிண்டரின் பின்முகம், சுட்ட தோட்டா உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடி, வலது கைப்பிடிக் கட்டையின் உள்பக்கம் ஆகியவற்றிலும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கட்டை ஊறி இறுகியிருக்கும். நெம்பினால் விளிம்பு உடையும். ஸ்க்ரூவைச் சில சுற்று தளர்த்தி, அதன் தலையில் மெதுவாகத் தட்டினால் எதிர்ப்பக்கக் கட்டை தானே விலகும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சிலிண்டரை வெளியே சாய்த்ததும், அதைத் தாங்கும் கையிலும் எதிரே துப்பாக்கியின் உடற்சட்டத்திலும் வேறொரு எண் தெரியும். அது தொழிற்சாலையில் பாகங்களைக் கோக்கப் போட்ட எண். சீரியலோடு பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். இதைப் பார்த்து ‘பாகம் மாறிவிட்டது’ என்று நல்ல துப்பாக்கியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எண்கள் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. குட்டையாக வெட்டிய பேரலிலும் பழைய எண் அப்படியே இருக்கும். பிரிட்டிஷ் படைக்குப் போனவற்றில் வழக்கமான நீளம் 5 அங்குலம். சிலிண்டரின் முன்முகத்திலிருந்து குழல்வாய் வரை அளக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்குப் போனவை 4 அங்குலம், பிரிட்டிஷ் தோட்டாவைவிட நீளமான, சற்று மெலிந்த ‘.38 ஸ்பெஷல்’ தோட்டாவுக்கானவை. எனவே நீளத்தோடு பேரலின் வலப்பக்க எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். ‘ஸ்பெஷல்’ என்ற சொல் இல்லாமல் 4 அங்குலம் என்றால் சந்தேகப்படுங்கள். அசலில் முன்குறி (குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் மேடு) பேரலோடு ஒரே துண்டாக, அரைவட்டமாக இருக்கும். ஒட்டுத் தெரிந்தாலோ, கம்பெனிப் பெயர் நடுவில் இல்லாமல் குழல்வாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றாலோ வெட்டியதுதான்.

அப்படி வெட்டியவற்றில் பலவற்றின் சிலிண்டர் அறைகளையும் ‘ஸ்பெஷல்’ தோட்டாவுக்காகக் குடைந்திருப்பார்கள். பழைய அறை அகலம் அதிகம் என்பதால் சுடும்போது தோட்டாவின் உறை (கேஸ்) உப்பும், வெடிக்கவும் கூடும். தோட்டா போட்டுச் சோதிக்காமல் லைசென்ஸ் உள்ள ஆயுதப் பழுதுக்காரரிடம் அளக்கக் கொடுங்கள்.

பூச்சு மங்கலாக இருக்க வேண்டும். பளபளப்பு, மழுங்கிய எழுத்து, ஸ்க்ரூவைச் சுற்றிக் குழி இவையெல்லாம் பின்னால் பாலிஷ் போட்டதன் அடையாளம்.

விலை பேசும் அளவுக்குப் போனால், ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையிடம் கட்டணம் கட்டிக் கடிதம் வாங்கிவிடுங்கள். தொழிற்சாலையை விட்டுப் போன தேதி, பேரல் நீளம், பூச்சு மூன்றும் அதில் வரும்.