6/12-உம் 20/40-உம் ஒன்றுதான்: கண் பரிசோதனைச் சீட்டை ஒப்பிட ஒரு வழி

பழைய கண் பரிசோதனைச் சீட்டில் 6/12 என்றும் புதியதில் 20/40 என்றும் இருந்தால், மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் 0.5 என்றே வருவதால் பார்வைக்கூர்மை மாறவில்லை என்று அறியலாம். மேல் எண் நீங்கள் பலகையைப் படித்த தொலைவையும் (6 மீட்டர் அல்லது 20 அடி), கீழ் எண் அதே வரியை இயல்பான பார்வை உடையவர் படிக்கக்கூடிய தொலைவையும் குறிப்பதால், மீட்டரானாலும் அடியானாலும் விகிதம் மாறுவதில்லை. 6/6 வரியின் எழுத்து ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் உயரமும், பலகையின் உச்சியிலுள்ள 6/60 எழுத்து அதைப்போல் சரியாகப் பத்து மடங்கும் இருப்பது இந்தக் கணக்கினால்தான்.

ஆனால் கண்ணாடி அணிந்து எடுத்த அளவை அணியாமல் எடுத்த அளவோடு ஒப்பிடக் கூடாது. வலக்கண்ணை வலக்கண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அருகில் வைத்துப் படிக்கும் பார்வையைச் சோதிக்கும் என்6 (N6) போன்ற குறியீடுகளுக்கும், 0.0 என்பதே இயல்பான பார்வையாகவும் எண் கூடக் கூடப் பார்வை குறைவாகவும் கொள்ளப்படும் லாக்மார் அளவுக்கும் இது பொருந்தாது. கண்ணாடியின் பவரையும் இதிலிருந்து கணக்கிட முடியாது. 0.5 என்று வந்தவர்கள் பாதிப் பார்வை போய்விட்டதாகக் கலங்கவும் வேண்டியதில்லை. அது எழுத்தளவின் விகிதமே தவிர, பார்வை இழப்பின் சதவீதம் அன்று.