ஆயில் கறுத்துவிட்டதா என்று பார்க்காதீர்கள், லேபுக்கு அனுப்புங்கள்

சிந்தெடிக் ஆயில் போட்டவர்கள் டிப்ஸ்டிக்கில் நிறத்தைப் பார்த்து ஆயிலை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பது வீண். டீசல் எஞ்சினில் புது ஆயிலே சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். ஆயிலின் நிலை தெரிய, ஓடிய ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபில் சோதிக்க வேண்டும்.

சாம்பிள் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே டிரெயின் போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். முதலில் கொட்டுவதில் அடிமண்டி வரும். அதைப் போகவிட்டு, நடுவில் வரும் ஓட்டத்தில் சுத்தமான, உலர்ந்த பாட்டிலில் சுமார் 100 மில்லி பிடியுங்கள். ஆயில் கிரேடு, அது ஓடிய கிலோமீட்டர், இடையில் டாப்-அப் செய்த அளவு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட் வெறும் எண்கள்தான்.

ரிப்போர்ட்டில் சிலிக்கான் கூடி, கூடவே இரும்பும் அலுமினியமும் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. (புது எஞ்சினில் கேஸ்கெட் பசையாலும் சிலிக்கான் ஏறும், பதற வேண்டாம்.) சோடியம், பொட்டாசியம் உயர்ந்தால் கூலன்ட் கசிவைச் சந்தேகியுங்கள். 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரியில் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பெட்ரோலோ டீசலோ கலந்திருக்கும். டிபிஎன் (அமிலத்தை முறிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் காரத்தின் அளவு) புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த முறை ஆயில் மாற்றும் இடைவெளியை 1,000 அல்லது 2,000 கிலோமீட்டர் மட்டும் கூட்டி மறுபடி சோதியுங்கள். ஒரே ரிப்போர்ட்டை நம்பி இடைவெளியை இரட்டிப்பாக்காதீர்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம், கம்பெனி சொன்ன கணக்குதான்.

லேபில் உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்குப் பெரிய உலோகத் துகள் தெரியாது. அதற்குப் பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளைப் பாருங்கள்.