பொறியாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையை அமைப்பதும் நடத்துவதும்: ஐ-டிரிபிள்-ஈ உறுப்பினர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின், மின்னணு, கணினித் துறைப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கமான ஐ-டிரிபிள்-ஈயில் உறுப்பினராக இருக்கும் பலர், ஆண்டுதோறும் சந்தா கட்டுவதோடும் ஆய்விதழ்களைப் புரட்டுவதோடும் நின்றுவிடுகிறார்கள். தம் ஊரை உள்ளடக்கிய ஒரு பிரிவு இருக்கிறது, அதில் தமக்கு வாக்குரிமை இருக்கிறது, அதன் துணையுடன் தம் துறைக்கென ஓர் உள்ளூர் அமைப்பையே தொடங்க முடியும் என்பதெல்லாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை. அப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காகவும், தொடங்கிய பின் தளர்ந்துபோன கிளையை நிமிர்த்த விரும்புபவர்களுக்காகவும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

இந்த உள்ளூர் அமைப்பு முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1884-இல் தோன்றிய அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தின் நடவடிக்கைகள் தொடக்கத்தில் நியூயார்க்கை மையமாகக் கொண்டிருந்ததால், தொலைவில் வேலை பார்த்த பொறியாளர்களுக்கு அவை எட்டவில்லை. 1902–03-இல் தலைவராக இருந்த சார்லஸ் ஸ்காட், மூன்றுகட்ட மின்சாரத்தை இருகட்டமாக மாற்றும் ஸ்காட் இணைப்பால் மின்பொறியியல் மாணவர்கள் அனைவரும் அறிந்தவர், நகரந்தோறும் பிரிவுகளையும் கல்லூரிகளில் மாணவர் கிளைகளையும் ஏற்படுத்த வழிவகுத்தார். அந்தச் சங்கமும், 1912-இல் உருவான வானொலிப் பொறியாளர் சங்கமும் 1963 ஜனவரி 1 அன்று இணைந்தே ஐ-டிரிபிள்-ஈ பிறந்தது. உறுப்பினர் சங்கத்தைத் தேடிப் போவதைவிடச் சங்கம் உறுப்பினரின் ஊருக்கு வர வேண்டும் என்ற அன்றைய எண்ணமே இன்றைய அமைப்புக்கும் அடிப்படை. உள்ளூர்க் கிளை நடத்துபவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஓர் அளவுகோலால் சோதித்துப் பார்த்துவிடலாம்.

அமைப்பு இரண்டு வழிகளில் பிரிந்து செல்கிறது. ஒன்று நிலப்பரப்பு: உலகம் மண்டலங்களாகவும், மண்டலம் பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஆசிய-பசிபிக் பகுதியான பத்தாம் மண்டலத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மெட்ராஸ் பிரிவிலும், இலங்கை உறுப்பினர்கள் இலங்கைப் பிரிவிலும் அடங்குகிறார்கள். பரப்பு பெரிதாக இருக்கும் பிரிவுக்குள் துணைப்பிரிவு அமைக்கவும் இடமுண்டு. கேரளப் பிரிவுக்குள் கொச்சி, மலபார் துணைப்பிரிவுகள் இயங்குவது அவ்வாறே. மற்றொன்று துறை: மின்னாற்றல், கணினி, தகவல் தொடர்பு, ரோபாட்டிக்ஸ் என 39 சொசைட்டிகள் இருக்கின்றன. ஒரு பிரிவின் எல்லைக்குள் வாழும் ஒரு சொசைட்டியின் உறுப்பினர்கள் கூடி இயங்கும் அமைப்புக்குச் சாப்டர் என்று பெயர். துறை எதுவானாலும் இளம் வல்லுநர்கள், பெண் பொறியாளர்கள் போன்றோர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் குழுக்களும் இவற்றோடு உண்டு.

எந்தப் பிரிவில் ஒருவர் சேர்கிறார் என்பதை அவர் சங்கத்துக்குத் தந்திருக்கும் முகவரியே தீர்மானிக்கிறது. ஓசூரில் வசித்துக்கொண்டு பெங்களூரில் வேலைக்குச் செல்லும் பொறியாளர் வீட்டு முகவரியைத் தந்திருந்தால் மெட்ராஸ் பிரிவிலும், அலுவலக முகவரியைத் தந்திருந்தால் பெங்களூர் பிரிவிலும் கணக்கில் வருவார். ஊர் மாறிய பின்னும் பழைய முகவரியை மாற்றாதவருக்குக் கூட்ட அழைப்புகள் பழைய ஊரிலிருந்தே வந்துகொண்டிருக்கும். ஆகவே கிளை தொடங்க நினைக்கும் குழு செய்ய வேண்டிய முதல் வேலை, சேர விரும்பும் ஒவ்வொருவரின் முகவரியும் சொசைட்டி உறுப்பினர் நிலையும் நடப்பில் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்களில் சிலர் சொசைட்டிச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அந்தக் கையெழுத்துகள் எண்ணிக்கையில் சேரமாட்டா.

அடுத்து, புதிய சாப்டர் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். உங்கள் பிரிவில் அந்தச் சொசைட்டிக்கு ஏற்கெனவே ஒரு சாப்டர் இருக்கலாம். அதன் எல்லை பெரும்பாலும் பிரிவின் எல்லையே. ஆனால் கூட்டங்கள் தலைநகரிலேயே நடப்பதால், கோவையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவர்களுக்கு அது இல்லாதது போலவே தோன்றும். அந்நிலையில் புதிய அமைப்புக்கு விண்ணப்பிப்பதைவிட, இருக்கும் சாப்டரின் செயற்குழுவில் உங்கள் ஊரிலிருந்து ஒருவர் இடம்பெறக் கேட்பதும், ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டங்களை உங்கள் ஊரில் நடத்தும் பொறுப்பை ஏற்பதும் விரைவாகப் பயன் தரும். துணைப்பிரிவு வேண்டும் என்ற கோரிக்கையும் இத்தகைய கூட்டங்களில் ஆட்கள் தொடர்ந்து கூடுவதை நிரூபித்த பிறகே வலுப்பெறுகிறது.

அப்படியொரு சாப்டர் இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு வரலாம். சாப்டருக்குக் குறைந்தது 12 உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும். அவர்கள் அந்தச் சொசைட்டியின் உறுப்பினர்களாகவும், மாணவர் நிலைக்கு மேற்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும். துணைப்பிரிவுக்கு 20 பேரும், புதிய பிரிவுக்கு 50 பேரும் தேவை. ஒரே சொசைட்டியில் 12 பேர் சேராவிட்டால் நெருங்கிய இரண்டு சொசைட்டிகளின் உறுப்பினர்கள் சேர்ந்து கூட்டுச் சாப்டர் அமைக்கலாம். மின்னாற்றல் சொசைட்டியும் மின்னாற்றல் மின்னணுச் சொசைட்டியும் அப்படி இணைவதில் பொருத்தம் இருக்கிறது. விண்ணப்பத்தில் அமைப்பாளராகப் பெயர் தருபவரே தேர்தல் நடக்கும் வரை தலைமைப் பொறுப்பைக் கவனிப்பார். பிரிவின் ஒப்புதலும் மண்டலம், சொசைட்டி ஆகியவற்றின் இசைவும் பெற்ற பிறகே சாப்டர் நிறுவப்படும். எனவே விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே பிரிவின் தலைவரிடம் நேரில் பேசிவிடுவது நல்லது.

இந்தப் பன்னிருவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கிளையின் எதிர்காலம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே கல்லூரியின் ஒரே துறையிலிருந்து பன்னிரண்டு ஆசிரியர்களிடம் ஒரு பிற்பகலில் கையெழுத்து வாங்கிவிடலாம். விதிப்படி அது செல்லும்; ஆனால் அந்தச் சாப்டர் அக்கல்லூரியின் இன்னொரு மன்றமாகவே முடியும், துறைத்தலைவர் மாறினால் அதுவும் முடங்கும். தொழிற்சாலையில் பராமரிப்புப் பார்ப்பவர், வடிவமைப்பு நிறுவனத்தில் இருப்பவர், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சொந்தமாகச் சிறு நிறுவனம் நடத்துபவர், ஆசிரியர் என ஐந்தாறு இடங்களிலிருந்து ஆட்கள் வந்தால், பேச்சாளரும் இடமும் தலைப்பும் அந்த வட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். கையெழுத்துக் கேட்கும்போதே, ஆண்டில் எத்தனை கூட்டங்களுக்கு வர முடியும், எந்த ஒரு வேலையை ஏற்க முடியும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிர்வாகிகள் நால்வர் போதும்: தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர். ஊர் சிறிதாக இருந்தால் செயலாளரும் பொருளாளரும் ஒருவராக இருக்கலாம். தலைவரும் பொருளாளரும் ஒருவராக இருப்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். செலவுக்கு ஒப்புதல் தருபவரும் பணத்தைக் கையாள்பவரும் வேறு வேறாக இருப்பது இருவருக்குமே பாதுகாப்பு. துணைத்தலைவர் பதவியை மரியாதைப் பதவியாக வைக்காமல் அடுத்த ஆண்டுத் தலைவருக்கான பயிற்சிக் காலமாகக் கருதி, நிகழ்ச்சிப் பொறுப்பை முழுவதும் அவரிடமே விட்டுவிடலாம்.

இனி கூட்டங்கள். சாப்டர் ஆண்டுக்கு இரண்டு தொழில்நுட்பக் கூட்டங்களாவது நடத்த வேண்டும், பிரிவு ஐந்தாவது நடத்த வேண்டும் என்பது விதி. இரண்டு என்பது சாப்டரின் பெயரைப் பட்டியலில் தக்கவைக்கப் போதுமானதே தவிர, உறுப்பினர்களை ஒருவருக்கொருவர் பழக்கப்படுத்தப் போதாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மாறாத ஒரு கிழமையில், மாறாத ஓர் இடத்தில், மாலை வேலை முடிந்து வருபவருக்குப் பொருந்தும் நேரத்தில் என்று வைத்துக்கொண்டால் அழைப்பிதழ் தாமதமானாலும் ஆட்கள் வருவார்கள். தொடங்கிய ஆண்டிலேயே சர்வதேச மாநாடு நடத்தத் துடிக்கும் சாப்டர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நான்கு பேரின் ஓராண்டு உழைப்பு முழுவதையும் மாநாடு எடுத்துக்கொள்கிறது, அது முடிந்ததும் ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தலைப்புகளை உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குங்கள். கரூர் மாவட்டம் புகளூரில், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து ±800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடத்தில் 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து திருச்சூருக்கு ±320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் அனுப்பும் தடம் வேறொரு தொழில்நுட்பத்தில் இயங்குகிறது. மின்னோட்டத்தை மாற்றும் குறைக்கடத்திச் சாதனம் முன்னதில் தைரிஸ்டர், பின்னதில் ஐஜிபிடி. இரண்டையும் ஒரே ஊரில் ஒப்பிட்டுப் பேசும் வாய்ப்பு எத்தனை நாட்டுப் பொறியாளர்களுக்குக் கிடைக்கும்? முப்பந்தலின் காற்றாலைகளில் காற்று குறையும் நேரத்தில் மின்கட்டமைப்பு எப்படிச் சமாளிக்கிறது, கோவையின் மோட்டார் உற்பத்தியாளர்கள் திறன் தரநிலைகளை எட்ட என்ன மாற்றங்கள் செய்கிறார்கள் என்பவையும் அப்படிப்பட்டவையே. இவற்றைப் பற்றிப் பேசத் தகுதியானவர் பெரும்பாலும் அங்கேயே வேலை பார்ப்பவராக இருப்பார். மேடைப்பழக்கம் இல்லாத அவரை முன்கூட்டியே சந்தித்து, நிறுவனம் வெளியிட அனுமதிக்கும் தகவல்கள் எவை என்று தெளிவுபடுத்திக்கொண்டு, தமிழில் பேசலாம் என்ற உறுதியையும் கொடுத்தால், கேள்வி நேரம் உரையைவிட நீளும்.

கூட்டம் முடிந்த இரண்டொரு நாளிலேயே அறிக்கை பதிவாக வேண்டும். வி-டூல்ஸ் என்ற இணையக் கருவித் தொகுப்பில் நிகழ்ச்சியை முன்னதாக அறிவித்து, பதிவுகளைப் பெற்று, முடிந்ததும் வந்தோர் எண்ணிக்கையை உறுப்பினர், உறுப்பினர் அல்லாதோர் என்று பிரித்து அங்கேயே பதியலாம். உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பவும், தேர்தல் நடத்தவும் அதே தொகுப்பில் வசதியுண்டு. உறுப்பினர்களின் தொடர்பு விவரங்களைத் தனிப்பட்ட அட்டவணைகளில் சேர்த்து வைப்பதைவிட இந்த வசதிகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. பிரிவுக்கு ஆண்டுதோறும் வரும் நிதி உறுப்பினர் எண்ணிக்கையையும் அதன் கீழுள்ள அமைப்புகள் அறிக்கை தந்த செயல்பாட்டையும் பொறுத்தது. முந்தைய ஆண்டின் கூட்ட அறிக்கைகளும் கணக்கும் பிப்ரவரிக்குள் போய்ச் சேராவிட்டால், நடத்திய கூட்டங்களும் நடக்காதவையாகவே கருதப்படும். உழைத்து நடத்திய நிகழ்ச்சிகள் எழுதப்படாததால் மட்டும் ஒரு கிளை செயலற்றது என்று குறிக்கப்படுவது வேதனையானது, எளிதில் தவிர்க்கக்கூடியதும்கூட.

பணம் கையாளும் முறையை முதல் கூட்டத்துக்கு முன்பே பிரிவின் பொருளாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எவருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் சங்கப் பணம் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் தொகைகளை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துவதால், சொசைட்டியிடமிருந்து உதவித்தொகை ஒன்று கிடைக்கும் என்று தெரிந்தாலும் அதை எவ்வழியில் பெறுவது என்பதைப் பிரிவே முடிவு செய்ய வேண்டும்.

உண்மையில் பணத்தைவிட மதிப்புள்ள உதவிகள் வேறு இருக்கின்றன. பெரும்பாலான சொசைட்டிகள் சிறப்புச் சொற்பொழிவாளர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. சாப்டர் கேட்டால் அவர்களில் ஒருவரை அனுப்பிப் பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்பதுண்டு, உள்ளூர்ச் செலவைச் சாப்டர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒருவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வரும் பயணத்தோடு உங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளும்படி பக்கத்துச் சாப்டர்களோடு பேசி மாதங்களுக்கு முன்பே கேட்டால் இசைவு எளிதில் கிடைக்கும்.

இன்னொன்று, முதுநிலை உறுப்பினர் தகுதிக்கு உள்ளூர் ஆட்களை முன்மொழிவது. பத்தாண்டுத் தொழில் அனுபவமும், அதில் ஐந்தாண்டுக் குறிப்பிடத்தக்க பங்களிப்பும், பரிந்துரைகளும் இருந்தால் போதும், அதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை. பட்டப்படிப்பு ஆண்டுகளுக்கும் அந்தப் பத்தில் ஓரளவு இடமுண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களுக்கு மட்டுமே அது உரியது என்று நினைத்துத் தொழிற்சாலைப் பொறியாளர்கள் ஒதுங்குகிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பவும் பரிந்துரைப்பவர்களை இணைக்கவும் ஒரு மாலையை ஒதுக்கும் சாப்டர், அவர்களுக்குச் செய்யும் உதவி பெரிது.

மாணவர் கிளைகளுக்கு ஆசிரிய ஆலோசகர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். 24 மணி நேர நிரலாக்கப் போட்டியான ஐ-டிரிபிள்-ஈ-எக்ஸ்ட்ரீமும், அக்டோபர் முதல் செவ்வாயன்று வரும் ஐ-டிரிபிள்-ஈ தினமும் மாணவர்களை எளிதில் திரட்டும். ஆனால் இறுதியாண்டு முடிந்ததும் அவர்கள் சங்கத்தை விட்டு விலகுவதே பெரிய இழப்பு. முதல் பட்டம் பெற்று 15 ஆண்டு வரை உள்ளவர்கள் இளம் வல்லுநர்களாகக் கருதப்படுவதால், மே மாதத்திலேயே இறுதியாண்டு மாணவர்களை அவர்கள் வேலைக்குச் செல்லும் ஊரின் இளம் வல்லுநர் குழுவுக்கு அறிமுகப்படுத்திவிடும் வழக்கத்தைச் சாப்டரும் மாணவர் கிளையும் சேர்ந்து ஏற்படுத்தலாம்.

பொதுவாகப் புதிய நிர்வாகிகள் ஜனவரியில் பொறுப்பேற்பதால் தேர்தலை நவம்பருக்குள் முடித்து, டிசம்பரில் பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துவது நல்லது. புதிய பெயர்கள் சங்கத்தின் நிர்வாகிப் பதிவில் ஏறாவிட்டால் வி-டூல்ஸ் அனுமதி புதியவர்களுக்குக் கிடைக்காது. கணக்கு, பேச்சாளர் பட்டியல், அரங்கு தந்தவர்களின் விவரம், நிறைவேறாத வாக்குறுதிகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, பதவிக்குரிய மின்னஞ்சல் வழியாகவே கடிதப் போக்குவரத்தை நடத்தினால் ஆள் மாறினாலும் தொடர்பு அறுபடாது.

சில ஆண்டுகளாகக் கூட்டமே நடக்காத சாப்டர் உங்கள் ஊரில் இருந்தால், அது கலைக்கப்படாத வரை புதிய விண்ணப்பம் தேவையில்லை. பிரிவின் தலைவருக்கு எழுதி, தேர்தல் நடக்கும் வரை பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கக் கேளுங்கள். முன்னாள் நிர்வாகிகளைத் தேடிச் சென்று கணக்கையும் கோப்பையும் பெறுங்கள். முதல் கூட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள்.